நாடு ஏமாற்றினால் அவள் பிரிவு

முதலில் ரொட்டி விலை. அதற்குப் பிறகுதான் நலம் விசாரிப்பு. தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவர் துறைமுக அதிகாரியோ வங்கி மேலாளரோ, என் தங்கை அப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறாள். ரொட்டி என்ன விலை, பள்ளிக்கூட வண்டி காலையில் வந்ததா, முடிதிருத்தும் கடை திறந்திருக்கிறதா, வங்கியில் வரிசை வாசலுக்கு உள்ளே நிற்கிறதா வெளியே நிற்கிறதா. பதில்களைக் கோடு போட்ட நோட்டில், நாட்டுக்கு ஒரு பக்கமாக, பென்சிலால் எழுதிக்கொள்கிறாள். பேனாவை எடுப்பதில்லை. "நாளைக்கே மாறிடும்க்கா. அதுக்கு எதுக்குப் பேனா மை?" என்பாள்.

முடிதிருத்தும் கடையை ஏன் கேட்கிறாள் என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. "பேப்பர்காரங்க மந்திரியைக் கேப்பாங்க. நான் முடிவெட்டறவரைக் கேப்பேன். கலவரம் வரப்போகுதுன்னா அவர்தான் முதல்ல ஷட்டரை இறக்குவார். கடை முழுக்கக் கண்ணாடி இல்லையா" என்றாள்.

ஏழாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் விரிப்புகளை எண்ணி அனுப்புகிறேன். அப்படிப்பட்ட எனக்குத் தன் வேலையைப் புரியவைக்க அவளுக்கு ஒரு டம்ளர் தேநீர் ஆறுகிற நேரம் போதுமாக இருந்தது.

"நம்ம ஆள் ஒருத்தர் பம்ப்பு செஞ்சு கடல் தாண்டி அனுப்பறார். வாங்கறவன் நல்லவன், பணமும் வெச்சிருக்கான். ஆனா அந்த ஊர்ல ஆட்சி கவுந்துபோச்சு. துறைமுகத்தை மூடிட்டாங்க. பணத்தை வெளிய அனுப்பக்கூடாதுன்னு சட்டம் போட்டுட்டாங்க. அப்ப நம்ம ஆள் யார்கிட்ட போய் அழுவார்?"

"உன்கிட்ட."

"அவ்வளவுதான். மனுஷன் ஏமாத்தினா அது ரெண்டாவது மாடி. நாடு ஏமாத்தினா என் பிரிவு."

அவள் பிரிவு நாலாவது மாடியில் இருக்கிறது. ஏற்றுமதிக் காப்பீட்டு நிறுவனம், ஜன்னலோர மேசை, இருபத்தொரு வருட சர்வீஸ். இருபத்தாறு நாடுகள் அவள் பொறுப்பில்; ஒவ்வொன்றின் நிலவரத்துக்கும் வாரம்தோறும் மார்க்குப் போடுவாள். அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் 'ஜோசியக்கார மேடம்' என்று சொல்கிறார்கள். அது அவளுக்கும் தெரியும். ஒருமுறை முகத்துக்கு நேராகவே ஒருவர் சொல்லிவிட, "ஜோசியர் தப்பாச் சொன்னா காசைத் திருப்பித் தரமாட்டார். நாம தரணும். அதான் வித்தியாசம்" என்றாளாம். ஒரு தடவை அவள் பேச்சைக் கேட்டு ஒரு பெரிய காப்பீட்டை நிறுத்திவைத்தார்கள். மூன்றே வாரத்தில் அந்த நாட்டு வங்கிகளெல்லாம் கதவை மூடின. மேலாளர் அவள் மேசை வரை நடந்துவந்து கை கொடுத்திருக்கிறார். இதை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. பக்கத்து மேசைப் பெண் சொல்லித்தான் தெரியும். நான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் எப்போதும் மூன்று மாதத்துக்கு அரிசி, எண்ணெய், மெழுகுவர்த்தி இருக்கும். எல்லாம் அவள் ஏற்பாடு. என் வீட்டுக்காரர் விடமாட்டார். "ஏம்மா, இந்த வாரம் நம்ம வீட்டுக்கு எத்தனை மார்க்கு?" என்று கேட்பார். "மாமா சமையல்கட்டுப் பக்கம் போகாத வரைக்கும் நிலவரம் சீர்" என்பாள் தலை நிமிராமல்.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. பாஸ்போர்ட்டை இரண்டு தடவை புதுப்பித்திருக்கிறாள். எதிலும் ஒரு முத்திரைகூட இல்லை. நேரில் போய்ப் பார்ப்பதற்கென்று தனி அதிகாரிகள் இருக்கிறார்கள். அவள் மேசை அதிகாரி. அந்த அதிகாரிகள் திரும்பி வந்ததும் அறிக்கையைக் கேட்கமாட்டாள். சாலையோரம் என்ன மரம், கடல் என்ன நிறம் என்றுதான் கேட்பாள். "நான் அதைப் பாக்கலையே மேடம்" என்பார்களாம். "அப்புறம் எதுக்கு உங்களுக்கு டிக்கெட்டு?" என்று முணுமுணுத்துக்கொண்டு நோட்டை மூடிவிடுவாள்.

மரத்தையும் கடலையும் சொன்னவர் ஒருவர் இருந்தார். அவள் அவரைக் கிடங்குக்காரர் என்பாள். இங்கே பம்ப்பு செய்யும் முதலாளி ஒருவர் கடல் தாண்டி ஒரு துறைமுகத்தில் கிடங்கு வைத்து விற்கிறார். அந்தக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஊர் ஆள்தான் கிடங்குக்காரர். வேலைநாள் ஒவ்வொன்றும் இங்கே பத்து மணிக்கு, அங்கே கிடங்கு திறக்கும் நேரத்தில், என் தங்கை அவரைக் கூப்பிடுவாள். இருவருக்கும் அரைகுறை ஆங்கிலம். ஒன்பது வருடத்தில் அவருக்கு நாலு தமிழ்ச் சொற்கள் வந்திருந்தன: சரி, இல்லை, நாளைக்கு, சாப்பிட்டாச்சா. கடைசிச் சொல்லைப் பேச்சு முடியும்போது சொல்வார். காலை பத்து மணிக்குச் சாப்பிட்டாச்சா என்று கேட்டால் என்ன சொல்வது என்று சிரிப்பாள். ஆனாலும் "சாப்பிட்டாச்சு" என்று பதில் சொல்லிவிட்டுத்தான் வைப்பாள்.

ஒரு நாள் பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அந்தக் கிடங்கை எனக்கு வரைந்து காட்டினாள். கதவு, மேசை, ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மூன்று கிரேன்கள். மூன்றாவது கிரேன் ஓடுவதில்லை. அதன் உச்சியில் பறவைகள் கூடு கட்டியிருக்கின்றன. வாசல் படிகளையும் வரைந்தாள்.

"ரெண்டாவது படி உடைஞ்சிருக்கு. உள்ள போறவங்க அதுல கால் வெக்கக்கூடாது."

"யாரு உள்ள போறா?" என்று கேட்டேன்.

தாளை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

அவருக்குக் குடும்பம் இருக்கிறதா என்றும் கேட்டேன். அக்கா என்றால் கேட்கத்தானே வேண்டும். "நான் கேட்டதில்லக்கா. ஊர் நிலவரம் கேக்கறது என் வேலை. அதைக் கேட்டா விசாரணை ஆயிடும்" என்றாள்.

சென்ற வருடம் ஒரு திங்கட்கிழமை, முடிதிருத்தும் கடை ஷட்டரை இறக்கிவிட்டது என்று அவர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குப் போங்கள் என்று இவள் சொல்லியிருக்கிறாள். சாவி என்னிடம் இருக்கிறது, எப்படிப் போவது என்றாராம். பிறகு தமிழில், "நாளைக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை அந்த நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்துத் துறைமுகத்தைச் சுற்றி வேலி போட்டது. கிடங்குத் தொலைபேசி மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

இதற்கு அவர்களிடம் ஒரு விதி இருக்கிறது. சரக்கு இருக்கும் இடம் நூற்றெண்பது வேலைநாள் தொடர்ந்து கைக்கு எட்டாமல் போனால் அதைத் தொலைந்ததாக ஒப்புக்கொண்டு இழப்பீடு கொடுப்பார்கள். அதுவரை வேலைநாள் தவறாமல் ஒரு அழைப்பு. குறைந்தது பத்து மணியோசை. பதில் இல்லை என்று ஒரு வரி. நடுவில் ஒரே ஒரு தடவை அங்கிருந்து யாராவது பேசிவிட்டாலும் இடம் எட்டும் நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். மறுநாளிலிருந்து மறுபடி ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். பம்ப்பு முதலாளியின் முந்நூற்றுப் பன்னிரண்டு பம்ப்புகள் அங்கே கிடந்தன. அவரை நம்பி நாற்பது தொழிலாளர்கள். இழப்பீடு வந்தால்தான் தொழிற்சாலை ஓடும்.

யாரும் எடுக்காமல் இருந்தால் முதலாளி பிழைப்பார். யாராவது எடுத்தால் என் தங்கை பிழைப்பாள். இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் ஒன்பதே முக்கால் மணிக்கு அவள் தேநீர் குடிப்பதை நிறுத்தியிருந்தாள் என்று பக்கத்து மேசைப் பெண் சொன்னாள்.

தொண்ணூற்றேழாம் நாள், ஆறாவது மணியோசையில் யாரோ எடுத்தார்கள். இவள் தன் பேரைச் சொன்னாள். ரொட்டி விலைகூடக் கேட்டாள். பதில் இல்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும் மூன்று வினாடி. பிறகு இணைப்பு அறுந்துவிட்டது. அவள் அதை மறைக்கவில்லை. எழுதிக்கொண்டுபோய் மேலாளரிடம் நீட்டினாள்.

"குரல் கேட்டுச்சா மேடம்?"

"மூச்சு கேட்டுச்சு சார்."

மேலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். "பேச்சுன்னுதான் போட்டிருக்கு. மூச்சு கணக்கில்ல. தொண்ணூத்தேழுன்னே போட்டுக்கங்க."

அன்று வீட்டுக்கு வந்தவள் கைகால் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். "காத்தா இருக்கலாம், இல்லக்கா? போன்ல காத்தும் அப்படித்தான் கேக்கும்" என்றாள். நான் ஆமாம் என்றேன். என் பதிலை அவள் விரும்பவில்லை என்று தெரிந்ததும், "காத்து எப்படிம்மா போனை எடுக்கும்?" என்றேன். அதையும் விரும்பவில்லை.

நூற்று அறுபத்து மூன்றாம் நாள் நான் அவளைக் கண் மருத்துவரிடம் அழைத்துப்போவதற்காக அலுவலகம் போயிருந்தேன். பம்ப்பு முதலாளி அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். சட்டைக் காலர் பிரிந்ததை வேறு நிற நூலால் தைத்திருந்தார். நல்ல மனிதர். எனக்கும் ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க" என்று மெதுவாகச் சொன்னார். "நீங்க போன் பண்றப்பல்லாம் நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கறேன். யாரும் எடுத்துடக்கூடாதுன்னு. அந்த ஆள் எங்கிட்ட பதினாலு வருஷமா இருக்கார். என்னைவிடக் கேவலமானவன் யாராவது இருப்பானா?"

"அப்படியெல்லாம் இல்ல சார்" என்றாள் என் தங்கை. "நாப்பது பேருக்கு நீங்க பதில் சொல்லணும். நானும் கும்பிட்டுக்கிட்டுத்தான் கூப்பிடறேன்."

அவள் என்ன வேண்டிக் கும்பிடுகிறாள் என்று அவர் கேட்கவில்லை. மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

நூற்றெண்பதாம் நாள் பத்து மணியோசைக்குப் பதிலாக இருபத்துமூன்று வரை அடிக்கவிட்டாளாம். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். இழப்புப் படிவத்தில் பம்ப்பின் எண், குதிரைத்திறன், தயாரித்த வருடம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. "அவருக்கு?" என்று கேட்டேன். "அவர் சரக்கு இல்லையேக்கா" என்றாள். முதலாளி அவளுக்குக் கை கூப்பிவிட்டு, லிஃப்டுக்குக் காத்திராமல் நாலு மாடியும் இறங்கிப் போனாராம்.

கையெழுத்து விழுந்ததும் கோப்பு ஆறாவது மாடிக்குப் போய்விடும். சரக்கை மீட்கப் பார்ப்பது அவர்கள் வேலை. அதன்பிறகு அந்த எண்ணுக்கு அவர்கள் மட்டுமே பேசலாம். வேறு யாராவது வாய் தவறி ஒரு வார்த்தை சொன்னால் காரியம் கெட்டுவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இந்த விதியை நடத்துவதே என் தங்கைதான்.

அந்த வாரம் சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. காலையில் கொடியிலிருந்து துணி எடுத்து இருவரும் மடித்துக்கொண்டிருந்தோம். நான் மடித்தால் ஓரம் ஓரத்தோடு சேரும், அவளுக்கு வராது. அன்று நாலு தலையணை உறையைத் தலைகீழாக மடித்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, உன் போன்ல வெளிநாட்டுக்குப் பேசலாமா?"

"எனக்கு எவன் இருக்கான் வெளிநாட்டுல? பேசினதே இல்ல."

"பேசலாம். நேத்து காசு போட்டு வெச்சிருக்கேன்."

போனை வாங்கி எங்கும் பார்க்காமல் பதினான்கு எண்களை அழுத்தினாள். அழுத்திவிட்டு என்னிடமே நீட்டினாள்.

"நீ வெச்சுக்க. நான் பேச மாட்டேன், பேசக்கூடாது. யாராவது எடுத்தா நீயும் பேசாதே. கேட்டுட்டு வெச்சிடு."

"கேட்டு உனக்கு என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்ல வேணாம்."

போனைக் காதில் வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மிகத் தூரத்தில் மணி அடிக்கத் தொடங்கியது. அவள் மடித்துக்கொண்டிருந்த விரிப்பைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் நகர்ந்து வந்தாள். போனின் மறுபுறத்தில், என் விரல்களின் மேல் தன் காதை வைத்து அழுத்திக்கொண்டாள்.