காளியாயி சொன்ன காரணங்கள்

தனுஷிகா கூண்டுச் சண்டையை விட்டுவிட்டாள் என்பது அவள் தாய் காளியாயிக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில்தான் தெரிந்தது. காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துக்கொண்டிருந்த கங்காணி வீரய்யா, கைப்பேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் மகளின் படம், தோளில் சாம்பியன் பெல்ட். கீழே சிங்களத்தில் ஏதோ எழுதியிருந்தது.

"என்ன காளியாயி, மக விட்டுட்டாளாமே? இப்பத்தானே ஜெயிச்சா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

உண்மையாகவே அவளுக்குத் தெரியாது.

காளியாயி உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவள். புருஷன் போனபின் ஒரே மகளைத் தனியாக வளர்த்தாள். கொழும்பில் துணிக்கடை வேலைக்குப் போன தனுஷிகா, கடைக்கு மேல்மாடியில் இருந்த ஜிம்முக்கு உடம்பு இளைக்கத்தான் முதலில் போனாள். பிறகு கூண்டுக்குள் இறங்கிச் சண்டை பிடித்தாள். அடிக்கலாம், உதைக்கலாம், கீழே தள்ளிக் கழுத்தை இறுக்கலாம். எதிராளி கையால் தட்டினால் விட்டுவிட வேண்டும். காளியாயிக்கு விளங்கியது அவ்வளவுதான். மகள் தன் எடைப் பிரிவில் நாட்டின் சாம்பியனானபோது லயத்து வரிசை வீட்டு ஆட்கள் வெடி கொளுத்தினார்கள்.

அன்று சாயங்காலம் மகளைப் போனில் அழைத்துக் கேட்டாள்.

"போதும்னு இருந்திச்சும்மா, விட்டுட்டேன். லீவு கிடைச்சதும் வாறேன், பேசுவோம்."

மறுநாள் கேட்டவர்களிடமெல்லாம் காளியாயி அதையே சொன்னாள். ஒருவருக்கும் அது போதவில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கிறவள் போதும் என்பாளா என்று மலையில் கேட்டார்கள், கொழுந்து நிறுக்கிற இடத்தில் கேட்டார்கள், தண்ணீர்க் குழாயடியிலும் கேட்டார்கள். சாமான் வாங்க இராகலைக்குப் போனால் மளிகைக்கடை ரபீக்காவும் அதையேதான் கேட்டாள்.

"மறைக்காமச் சொல்லுங்க அக்கா. கலியாணமா?"

காளியாயிக்குக் கால் வலித்தது. பஸ்ஸையும் பிடிக்க வேண்டியிருந்தது. "ஆமா, பேச்சு நடக்குது," என்று சொல்லிவிட்டாள்.

ரபீக்காவின் முகம் மலர்ந்தது. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நிம்மதி காளியாயிக்குப் பிடித்துப்போனது.

அதன்பின் ஆளைப் பார்த்துக் காரணம் சொன்னாள். வீரய்யா முழங்கால் நோவுக்காரர். அவரிடம் மகளுக்கும் முழங்கால் என்றாள். மகனை டுபாய்க்கு அனுப்பியிருந்த பக்கத்து லயத்துக்காரியிடம் வெளிநாட்டு வேலை என்றாள். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

இராகலையில் போன் கடை வைத்திருக்கும் சிப்னாஸ், தனுஷிகாவின் ரசிகர்களுக்காகப் பேஸ்புக்கில் ஒரு பக்கம் நடத்தினான். அவள் சண்டைகளைப் பார்க்கக் கொழும்புக்கே போய் வந்தவன். 'குடும்பத்துக்கு நெருக்கமானவர் தந்த தகவல்' என்று அவன் முழங்காலையும் போட்டான், கல்யாணத்தையும் போட்டான். கீழே ரசிகர்கள் கட்சி கட்டிக்கொண்டு சண்டை போட்டார்கள். ஊக்க மருந்தில் பிடிபட்டாள் என்று ஒருவன் எழுதினான். வயிற்றில் பிள்ளை என்று இன்னொருவன் எழுதினான்.

தனுஷிகா வந்து பையை இறக்கியதும் அதைத்தான் காட்டினாள்.

"யாரும்மா இதெல்லாம் சொல்றது?"

"அந்தக் கடைசி ரெண்டும் நான் இல்ல," என்றாள் காளியாயி.

தனுஷிகா சிரிப்பை அடக்க முடியாமல் கட்டிலில் சாய்ந்துவிட்டாள்.

"சிரிக்காத. எங்கிட்டயாவது சொல்லு. ஏன் விட்ட?"

"ஒவ்வொரு தடவையும் கூண்டுக்குள்ள போறதுக்கு முந்தி பயமா இருக்கும்மா. அந்தப் பயத்துலதான் கண்ணு நல்லா வேல செய்யும். கடைசித் தடவ பயமே வரல. கொட்டாவிதான் வந்திச்சு. ஜெயிச்சேன், சரி. ஆனா எதிர்ல நின்னவ காலத் தூக்கினத நான் பாக்கவே இல்ல. காதோரமாப் போயிருச்சு. கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தா நான் எந்திரிச்சிருக்கவே மாட்டேன்."

காளியாயி தேங்காயைத் துருவி முடித்தாள். "அப்ப விட்டது சரிதான்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாக சிப்னாஸின் கடைக்குப் போனாள். முழங்காலும் கல்யாணமும் தான் சொன்ன பொய் என்றாள். உண்மைக் காரணத்தையும் சொன்னாள். அவன் வேலையை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அம்மா, பயம் வரலன்னு யாராச்சும் விடுவாங்களா? யாரும் மிரட்டுறாங்களா? எங்கிட்டச் சொல்லுங்க, நான் போட மாட்டேன்."

"கொட்டாவி வந்திச்சுன்னு போடுங்க தம்பி. புள்ளத்தாச்சின்னு எழுதுறதுக்கு இது பரவாயில்ல."

அவன் போட்டான். சிரித்தவர்கள் சிரித்தார்கள், எதையோ மறைக்கிறார்கள் என்று மற்றவர்கள் எழுதினார்கள். அந்தக் கூட்டத்துக்குள் சிங்களத்தில் ஒரு பதில் வந்தது. எழுதியவள் கடைசிச் சண்டையில் தோற்ற மொனராகலைப் பெண். 'அது உண்மை. என் உதையை அவள் காணவில்லை. அவள் கண்ணை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன், அதில் பயமே இல்லை. எனக்குத்தான் பயமாகிவிட்டது' என்று எழுதியிருந்தாள்.

சிப்னாஸ் அதைப் பலமுறை வாசித்தான். பழைய பதிவுகளை எல்லாம் அழித்துவிட்டு, தனுஷிகாவைப் போனில் அழைத்து மன்னிப்புக் கேட்டான். ஊர்ப் பேச்சு அதோடு நின்றுவிடவில்லை. ரபீக்கா இன்னும் கல்யாணத் தேதி கேட்கிறாள். தனுஷிகா கொழும்புக்குத் திரும்பவில்லை. நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்து, வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்து போகிறாள்.

அப்படி வந்த ஒருநாள் காளியாயி, "அந்தக் கடைசிச் சண்டையக் காட்டு," என்றாள். அதுவரை மகளின் ஒரு சண்டையையும் அவள் பார்த்ததில்லை. பார்க்கத் தைரியம் வந்ததில்லை. இருவரும் கட்டிலில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தார்கள். உதை காதோரமாகப் போன இடத்தில் காளியாயி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். முடிந்தபின் கேட்டாள்:

"அந்தப் புள்ளைக்கு அடி பலமா?"

"இல்லம்மா. நல்லா இருக்கா. நான் விட்ட பெல்ட்டு இப்ப அவகிட்டத்தான்."

"பயப்படுறாளா?"

"ரொம்பப் பயமா இருக்குன்னு நேத்துக்கூட மெசேஜ் போட்டா."

"நல்லது," என்று சொல்லிவிட்டுக் காளியாயி தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்ட எழுந்தாள்.