டார்பிஷயர்க்காரர் தந்த சொல்

சான்ட்ரிங்ஹாம் பஸ் தரிப்பில், தென்கோளத்து ஜூலைக் குளிரிலும் அரைக்காற்சட்டையோடு நிற்பார் அந்த ஆங்கிலேயர். முழங்கால் இரண்டும் அவித்த இறால் போலச் சிவந்திருக்கும். தூறினாலும் கூரைக்குள் வரமாட்டார். நானோ இரண்டு ஸ்வெற்றர், அதற்கு மேல் கம்பளித் தொப்பி.

ஒருநாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "நீர் சரியான நெஷ்" என்றார். வசவாக்கும் என்று முறைத்தேன். சிரித்தார். குளிர் தாங்காதவர்களை அவருடைய டார்பிஷயரில் அப்படித்தான் சொல்வார்களாம். பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'மென்மை' என்று பொருளாம்.

நான் கையிலிருந்த கடலை வடையில் ஒன்றை நீட்டினேன். ஒரு கடிதான். அவருக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகின.

"உறைப்புத் தாங்காதவருக்கு உங்கட பாஷையில என்ன சொல்லுவினம்?" என்று கேட்டார்.

அப்படி ஒரு சொல் எங்களிடம் இல்லை என்றேன்.

"அப்ப என்ர 'நெஷ்'ஷையே வைச்சுக்கொள்ளும்" என்று மிச்ச வடையையும் தின்று முடித்தார்.

பிறகு அவரைக் காணவில்லை. சொல் மட்டும் எங்கள் வீட்டுக் குசினியில் தங்கிவிட்டது. உறைப்புச் சம்பலுக்குத் தண்ணீர் தேடும் மகளை, "சரியான நெஷ்!" என்று மனைவி சீண்டுவாள்.

இங்கே பிறந்த மகள் அண்மையில் தன் வெள்ளைக்காரத் தோழிக்கு அதை விளக்கிக்கொண்டிருந்தாள்: அது சுத்தமான யாழ்ப்பாணத் தமிழாம்.

அதைக் கேட்க அந்த மனிதர் அங்கே இருந்திருக்க வேண்டும்.