பெயருக்குப் பின்னால் வந்த ‘ங்க’

கல்வி அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் பெயர் ஏற்றுவது என்பது, ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டாம் முறை பெயர் வைக்கிற வேலை. மார்க் ஷீட்டில் பெயர் தப்பாக வந்து அலைந்தவர்களே, என்னைத் திட்டுவதற்கு முன் கொஞ்சம் கேளுங்கள்.

மரியாதையான பட்டியல்

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. கோவைக்கு வேலைக்கு வந்த முதல் வாரம், நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களின் பெயர்களை ஏற்ற வேண்டியிருந்தது. நெட் கிடைக்காத பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் போனிலேயே சொன்னார்கள். “சுகந்திங்க... தாரணிங்க... பிரவீனுங்க...” இந்த ஊரில் இப்படித்தான் பெயர் வைப்பார்கள் போலிருக்கிறது என்று, காதில் விழுந்ததை அப்படியே அடித்துவிட்டேன்.

சாயங்காலம் எங்கள் கண்காணிப்பாளர் பட்டியலைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

“ஏன் அம்மணி, நம்மூர்ல மரியாதை சாஸ்திதான். அதுக்காவ கம்ப்யூட்டருக்குள்ளயுமா?”

தராசு

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒவ்வொன்றாக யார் திருத்துவது? ‘ங்க’ எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் எடுத்துவிடு என்று கம்ப்யூட்டருக்கு ஒரே கட்டளை கொடுத்தேன். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது. பெருமையாகப் பட்டியலைப் பள்ளிகளுக்கு அனுப்பினேன். மறுநாள் காலை கிணத்துக்கடவுப் பக்கமிருந்து ஒரு தலைமையாசிரியர் கூப்பிட்டார்.

“ஏனுங்க மேடம், எங்க ஸ்கூல்ல தங்கராசுன்னு ஒரு பையனைச் சேத்துனமுங்க. நீங்க தராசுன்னு அனுப்பிச்சிருக்கறீங்க. எதைங்க எடை போடறது?”

கடைசி நாள்

பிறகு பழைய பட்டியலையே திரும்ப எடுத்து, கையாலேயே எல்லாவற்றையும் திருத்தினேன். ஒன்று மட்டும் கண்ணுக்குத் தப்பிவிட்டது. அடுத்த வருடம் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் கடைசி நாள் மத்தியானம்தான் அதைப் பார்த்தேன்: தாரணிங்க. ஐந்து மணிக்குப் பட்டியலை மூடிவிடுவார்கள். அப்புறம் ஆயுசுக்கும் அந்தப் பெண்ணின் மார்க் ஷீட்டில் அதுதான் பெயர். பிறப்புச் சான்றிதழைப் பார்க்காமல் திருத்தவும் முடியாது. பள்ளியில் நம்பர் வாங்கி அவள் அப்பாவைக் கூப்பிட்டேன்.

தாரணியின் அப்பாவுக்குத் தென்னந்தோப்பில் தேங்காய் உரிக்கிற வேலை. போன் செய்ததும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, மகளை மொபெட்டில் உட்கார வைத்து, சான்றிதழோடு நாலே முக்காலுக்கு வந்து சேர்ந்தார். சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐந்துக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது ‘திருத்தப்பட்டது’ என்று வந்தது. நான் கைதட்டியே விட்டேன். தாரணியும் சேர்ந்து தட்டினாள். என் தப்புக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சான்றிதழை மடித்துக்கொண்டே சிரித்தார்.

“அட, விடுங்க மேடம். தோப்புல நாங்கதான் எல்லார்த்துக்கும் ‘ங்க’ போடோணும், எங்களுக்கு ஆரும் போட்டதில்லீங்க. எம்புள்ளைக்கு ஒரு வருசம் கவர்மென்டே போட்டிருக்குதுங்களே!”

பட்டியலிலிருந்து அந்த ‘ங்க’வை எடுத்துவிட்டேன், தஞ்சாவூர்க்காரி வாயிலிருந்துதான் இன்றுவரை எடுக்க முடியவில்லைங்க.