சுவிசேஷத்துக்கு முட்டி போட்ட மாமா

என் தாய்மாமன் ஓடும் டிராமிலிருந்து ஸ்டைலாகக் குதித்து முதுகுத்தண்டை முறித்துக்கொண்டவர். பெரிய ஆஸ்பத்திரியில் முதுகைத் திறந்து சரிசெய்து, மாதக்கணக்கில் மல்லாக்கப் போட்டுவைத்து அனுப்பினார்கள். சாந்தோமில் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் வேடிக்கை ஆரம்பித்தது. முதுகு தேறிவிட்டது. ஆனால் மனிதர் எழுந்து நின்றாலே கண் இருட்டிச் சாய்ந்துவிடுவார்.

"ரொம்ப நாள் படுத்தே கிடந்த உடம்பு. எழுந்ததும் ரத்தம் காலுக்கு இறங்கிப் பிரஷர் விழுந்துடுது. போகப்போகச் சரியாயிடும். மயக்கம் வந்தா நிக்காதே, உடனே தாழ உட்காந்துடு" என்றார் டாக்டர். தன் ரத்தத்துக்கு மாடி ஏறச் சோம்பேறித்தனம் என்று மாமா எங்களுக்கு விளக்கினார். அம்மா பழைய வேட்டியைக் கிழித்து அவர் கெண்டைக்காலில் இறுக்கிக் கட்டுவாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு ஆட்டி, பிறகு நிற்பார். பிள்ளைகள் நாங்கள் கைதட்டுவோம். விழுந்தாலும் தட்டினோம்.

டிராம் விபத்துக்கு முன்பே அவருக்குச் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு டீச்சரைப் பேசி முடித்திருந்தார்கள். அவளைக் கட்டாவிட்டால் யாரையும் கட்டுவதில்லை என்று மாமா உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பா வந்து சேர்ந்தார்.

"மாப்பிள்ளைக்குக் காக்கா வலிப்பு கீதுன்னு பேசிக்கினு கீறாங்க. இன்னாம்மா சமாச்சாரம்?"

அம்மா டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள். அவர் மசியவில்லை.

"முதுகுல கத்தி வெச்சா தலை ஏம்மா சுத்தும்? ஞாயித்துக்கிழமை பொண்ணோட உங்க கோயிலுக்கு வரேன். பூசையில எல்லாரும் நிக்கும்போது அவரும் நின்னார்னா ஓலை வாசிக்கட்டும். இல்லாங்காட்டி வேற எடம் பார்த்துக்கறோம்."

மாதா கோயிலில் பூசை நடுவே கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்தால்தான் எங்களுக்குக் கல்யாணம். மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க வேண்டும் என்று மாமா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தார். கோயிலில் எல்லாருக்கும் தரைதான். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பூசை லத்தீனில் நடக்கும். ஒரு எழுத்தும் புரியாது. முன்னால் இருப்பவர் நின்றால் நிற்போம், முட்டி போட்டால் போடுவோம். அன்று பெண்கள் பக்கம் முதல் வரிசையில், எங்களுக்கு முன்னால், அந்த டீச்சர் இருந்தாள். அவள் அப்பா மாமாவுக்கு நேர் பின்னால் இடம் பிடித்திருந்தார்.

சுவிசேஷம் வந்தது. எல்லாரும் எழுந்தார்கள், மாமாவும்தான். அம்மா என் கையை நசுக்கினாள். சாமியார் பாட்டுக்கு நீட்டிக்கொண்டே போனார். மாமாவின் முகம் வெளுத்தது. ஆள் ஒரு ஆட்டம் ஆடி, சட்டென்று முட்டி போட்டு, கைகூப்பித் தலையைத் தாழ்த்திக்கொண்டார். கோயிலே நிற்கிறது, மாமா மட்டும் கீழே. பெண்ணின் அப்பா கழுத்தை நீட்டினார். போச்சு, கல்யாணம் போச்சு என்று எனக்கு அழுகை முட்டியது.

டீச்சர் ஒரே ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவளும் முட்டி போட்டாள். எதையோ கவனிக்காமல் விட்டோமே என்று பின்னால் இருந்த பெண்கள் அவசரமாக முட்டி போட்டார்கள். அதைப் பார்த்து ஆண்களும். கடைசியில் அவள் அப்பாவே முனகிக்கொண்டு இறங்கினார். அதுவரை பீடத்தைப் பார்த்து நின்ற சாமியார் பிரசங்கத்துக்கு எங்கள் பக்கம் திரும்பி, கோயில் முழுக்க மண்டியிட்டிருப்பதைக் கண்டு தழுதழுத்துப்போனார். அன்றைய பிரசங்கம் எங்கள் பக்தியைப் பற்றியது.

"மாப்பிள்ளை பெரிய பக்திமான்மா. சுவிசேஷத்துக்கே முட்டி போடறாரு" என்றார் பெண்ணின் அப்பா, வாசலில். அடுத்த வாரமே ஓலை வாசித்தார்கள்.

அந்த டீச்சர் அக்கா ஏன் முட்டி போட்டாள் என்று வழியெல்லாம் அம்மாவைக் கேட்டேன். அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அவளுக்கும் ரத்தம் காலுக்கு இறங்குகிற வியாதிதான் என்று நானே முடிவுகட்டினேன். பாவம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழுந்தால் யார் தூக்குவார்கள் என்று கல்யாணம் வரைக்கும் எனக்குக் கவலையாக இருந்தது.