கண்ணாடியக்காவும் குங்கிலிய மரமும்

"கொடுங்க இப்படி. இதுல எப்படித்தான் உங்களுக்கு உலகம் தெரியுதோ!" என்று என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். நான் கொடுக்கவே இல்லை. அவர் இடுப்பில் செருகியிருக்கும் வெள்ளைத் துணிக்கு மேலதிகாரி, விருந்தாளி என்ற பேதமெல்லாம் கிடையாது. இந்தத் தாவரவியல் பூங்காவில் எல்லாருக்கும் அவர் கண்ணாடியக்கா.

வெளியே வறண்ட ஊர். அவர் பார்த்துக்கொள்ளும் கண்ணாடிக்கூடத்துக்குள் நுழைந்தாலோ சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. காலையில் வந்ததும் குழாயைத் திறந்து மூலை முடுக்கெல்லாம் நீர் தூவுவார். உதிர்ந்த இலைகளை மட்டும் பெருக்கவே மாட்டார். "காட்டுல யாரு வந்து பெருக்குறா?" இத்தனை உபசாரமும் நடுவில் நிற்கும் குங்கிலிய மரத்துக்கு. மழைக்காட்டுப் பிறவி. வீட்டில் அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு மாடி உயரமுள்ள இதுதான் மூன்றாவது, 'சின்னவன்'.

சின்னவனுக்கு இப்போது தலைபோகிற ஆபத்து, நிஜமாகவே. கூரையைத் தொட ஒரு முழம்தான் பாக்கி. முட்டினால் கண்ணாடி உடையும் என்று நுனியை வெட்டச் சொல்லிவிட்டார் மேலாளர்.

இப்படி வளர்த்துவிட்டது யார் என்கிறீர்கள்? சாட்சாத் அக்காவேதான்! காட்டில் இதன் கன்று பெரிய மரங்களின் நிழலில் வருஷக்கணக்காகச் சும்மா நிற்குமாம். மேலே ஒரு கிழட்டு மரம் சாய்ந்து வெளிச்சம் விழுந்ததும் விறுவிறுவென்று கிளம்புமாம். அக்கா போன வருஷம் பாசி படிந்த கூரையைப் பளபளவென்று துடைத்துவைத்தார்.

"மேல எவனோ செத்துட்டான், இடம் காலின்னு நெனச்சுட்டான் சார், லூசுப்பய!" சிரிப்பு பாதியில் நிற்கிறது. "தலைய வெட்டிட்டா அப்புறம் அவன் அவனா இருக்க மாட்டான்."

மேலாளரிடம் மல்லுக்கு நின்று தவணை வாங்கியிருக்கிறார்: வளர்ச்சி அடங்கினால் வெட்டு இல்லை. அடங்க வேண்டுமானால் பழைய நிழல் திரும்ப வேண்டும்.

ஆகவே இன்று சுண்ணாம்பு வாளியும் தூரிகையுமாகக் கூரைமேல் ஏறியிருக்கிறார். ஏணியைப் பிடித்துக்கொள்வது என் வேலை. தேய்த்துத் தேய்த்துத் தாமே மினுக்கிய கண்ணாடிகளில் தம் கையாலேயே வெள்ளை அப்புகிறார். ஒவ்வொரு பூச்சுக்கும் "அய்யோ, அய்யோ" என்று முனகல் வேறு.

நுனிக்கு நேர்மேலே ஒரு கண்ணாடிதான் மிச்சம். அதில் காக்கை எச்சம். அக்காவின் கை தானாக இடுப்புக்குப் போய்த் துணியை உருவி, அதைப் பளிச்சென்று துடைக்கிறது. அடியில் சின்னவனின் செந்தளிர் தெரிகிறது. கொஞ்ச நேரம் அதையே பார்க்கிறார். பிறகு அந்த வெள்ளைத் துணியைச் சுண்ணாம்பு வாளிக்குள் முக்குகிறார்.