மஞ்சள் பூசக் கூடாத டப்பா

செல்வலட்சுமி எங்கள் பூங்காவுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, வேப்பமரத்தை ஏழு தடவை சுற்றினாள். நான் துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்துவிட்டு எண்ணினேன். கையில் செல்போனைப் பார்த்தபடியே சுற்றுகிறாளே, சுலோகத்தைக்கூட இப்போது போனில்தான் படிக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். வேண்டுதல் என்றால் ஒன்பது சுற்று. ஏழோடு நின்றுவிட்டாளே என்று மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய், "இன்னும் ரெண்டு சுத்து பாக்கி கீதும்மா" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "வேண்டுதல் இல்லக்கா. நம்பர் ஒரு எடத்துல நிக்க மாட்டேங்கு. மரத்தடிக்கு வந்தா சிக்னல் குதிக்கி, அதான் சுத்துதேன்" என்றாள்.

அது இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, ஆடி மாசம். இருங்காட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் ஒரு கம்பெனிக்காரர்கள் போட்டுக் கொடுத்த பூங்கா அது. ஊஞ்சல் இரண்டு, சறுக்கு மரம் ஒன்று, சுற்றி நடக்க ஒரு பாதை. பெருக்கவும் செடிக்குத் தண்ணீர் விடவும் ஊராட்சியில் என்னைப் போட்டிருந்தார்கள். காலையில் பொன்னியம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் துடைப்பத்தைத் தொடுவேன்.

செல்வலட்சுமிக்குச் சங்கரன்கோவில் பக்கம். பன்னிரண்டாவது முடித்த கையோடு செல்போன் கம்பெனிக்கு வந்துவிட்டாள். ஒரே அறையில் ஆறு பெண்கள், பாய் மூன்று. ஷிப்டுக்கு ஒருத்தி எழுந்து போனால் அடுத்தவள் வந்து படுப்பாள், அதனால் பாய் எப்போதும் சூடாகவே இருக்கும் என்று சொல்லிச் சிரிப்பாள். செய்து முடித்த போன், தான் இருக்கிற இடத்தைச் சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் கம்பெனியில் அவள் வேலை. ஒரு நாளைக்கு அறுநூறு போன். அறுநூறும் ஒரே இடத்தைத்தான் சொல்லும். இரண்டு வருஷம் அதையே பார்த்துவிட்டு, ஒரு நாள் இன்ஜினியரிடம், "வேற எடத்த இது சொல்லாதா சார்?" என்று கேட்டிருக்கிறாள். அவர்தான் இந்த விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தாராம்.

விளையாட்டு இதுதான். ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்காவது ஒளித்து வைத்து, அந்த இடம் எது என்று போன் காட்டுகிற நம்பரை இன்டர்நெட்டில் போட்டுவிடுவார். உலகத்தில் யார் வேண்டுமானாலும் போனை வைத்துக்கொண்டு தேடி வரலாம். கண்டுபிடித்தால் உள்ளே இருக்கிற நோட்டில் பேர் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். பரிசு ஒன்றும் இல்லை. ஜியோகேச் என்று பேர் சொன்னாள். என் வாயில் அது நுழையவில்லை, டப்பா என்றே வைத்துக்கொண்டேன்.

மெட்ராஸிலும் மகாபலிபுரத்திலும் அலைந்து பதினொரு டப்பா கண்டுபிடித்துவிட்டாளாம். ஆனால் மேப்பில் டப்பா இருக்கிற இடமெல்லாம் ஒரு புள்ளியாகத் தெரியும் என்றும், எங்கள் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை என்றும் சொன்னாள்.

"எத்தன ஆயிரம் பேரு இங்கன கெடக்கோம். ஒரு புள்ளி இல்லக்கா. ஒண்ணே ஒண்ணாவது நான் வைக்கணும்."

வைக்கலாம்தான். ஆனால் பொது இடத்தில் வைத்தால் அனுமதி கொடுத்தவர் பேர், பதவி எல்லாம் எழுதினால்தான் இன்டர்நெட்காரர்கள் சேர்ப்பார்களாம். கம்பெனி ஓரத்துப் புல்வெளியில் கேட்கப் போனவளை செக்யூரிட்டி கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார். குளக்கரையில் கேட்டதற்கு, இது பொதுப்பணித்துறை, அங்கே போ என்றார்கள். அங்கே போனால், இது எங்கள் குளமே இல்லை என்றார்கள். மிச்சம் இருந்தது எங்கள் பூங்கா ஒன்றுதான்.

நானே அவளை ஊராட்சி ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கிளார்க் ஏகாம்பரநாதன் மனுவை இரண்டு தடவை படித்தார். கொடிக்கம்பத்துக்கு விண்ணப்ப ஃபாரம் இருக்கிறது, தண்ணீர் பந்தலுக்கு இருக்கிறது, மைக் செட்டுக்கு இருக்கிறது, டப்பா ஒளிக்க ஃபாரம் இல்லை என்றார். வேண்டுமானால் தண்ணீர் பந்தல் என்று எழுதிக் கொடு, அடுத்த ஆனி வரைக்கும் செல்லும் என்று ஒரு யோசனையும் சொன்னார். செல்வலட்சுமி ஒத்துக்கொள்ளவில்லை. பொய் எழுதி வாங்கினால் அது அனுமதி இல்லை என்றாள்.

எங்கள் ஊராட்சித் தலைவர் கிளியம்மாள் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டு இருந்தவர் வெளியே வந்தார். டப்பாவைத் திறந்து காட்டச் சொன்னார். டிபன் பாக்ஸ். உள்ளே ஒரு நோட்டு, பென்சில், இரண்டு கோலிக்குண்டு, ஒரு ஹேர் கிளிப். "பத்து நாள் வெச்சிப் பாரு. ஒரு புகார் வரலைன்னா கையெழுத்துப் போட்டுத் தரேன். ஒண்ணு வந்தாலும் எடுத்துக்கினு போயிடணும், மறுபடி இந்தப் பக்கம் கேட்டுக்கினு வரக்கூடாது" என்றார்.

அன்றைக்கே வேப்பமரத்து வேர் இடுக்கில் டப்பாவை வைத்து, மேலே ஒரு தட்டைக் கல்லைச் சாத்தினாள். நம்பரைப் பதினைந்து தடவை பார்த்துக் குறித்துக்கொண்டாள். என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டாள்.

அவள் அந்தப் பக்கம் போனதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. பழைய பிளாஸ்டிக் பொறுக்குகிறவர்கள் தினமும் வருவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கல்லைக் கண்டால் புரட்டாமல் போக மாட்டார்கள். இத்தனை பாடுபட்டாளே, போய்விடக் கூடாதே என்று யோசித்து யோசித்து, கடைசியில் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். கல்லுக்குக் கொஞ்சம் மஞ்சள் பூசி, ஒரு குங்குமப் பொட்டு வைத்து, ஒரு கொத்து வேப்பிலையைச் செருகினேன். இனி யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

யாரும் கை வைக்கவில்லை. இரண்டாம் நாள் கல்லின் மேல் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. மூன்றாம் நாள் அகல் விளக்கு. வெள்ளிக்கிழமை போய்ப் பார்க்கிறேன், கல்லுக்கு மஞ்சள் துணி கட்டி, பால் ஊற்றி, எட்டுப் பெண்கள் உட்கார்ந்து கூழ் ஊற்றுவதற்கு நாள் குறித்துக்கொண்டு இருக்கிறார்கள். ஆடி மாசம் வேறு. டப்பாவையும் யாரோ பார்த்துத் திறந்திருக்கிறார்கள். அம்மன் நோட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று பேச்சாகி, ஆளாளுக்கு அதில் எழுதியிருந்தார்கள். மகனுக்கு வேலை பெர்மனென்ட் ஆகணும். கம்பெனி பஸ் எங்கள் தெரு வழியாக வரணும். சூப்பர்வைசருக்கு நல்ல புத்தி வரணும்.

எட்டாம் நாள் புகார் வந்துவிட்டது. காலையில் நடக்க வருகிற ஒருவர், பாதையை மறித்துப் பூங்காவில் கோயில் கட்டுகிறார்கள் என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தோஷமாக வந்த செல்வலட்சுமி, மரத்தடியைப் பார்த்து அப்படியே நின்றாள். நான் செய்ததைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள், ஒரு இடத்தில் சிரிப்பு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள், அப்புறம் கண் கலங்கிவிட்டது. "விடுங்கக்கா. நம்ம பக்கத்துக்குப் புள்ளி வேண்டாம் போல" என்றாள்.

எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. மறுநாள் தலைவரிடம் தனியாகப் போய், அந்தப் பெண் மேல் தப்பு இல்லை, மஞ்சள் பூசினது நான், அங்கே சாமி இல்லை என்று சொன்னேன்.

கிளியம்மாள் என்னையே பார்த்தார். "என்கிட்ட சொல்லிட்ட. கும்புட்றவங்ககிட்ட யார் சொல்றது?"

"நானே சொல்றேன்மா."

"சொல்லு. வெள்ளிக்கிழமை நானும் வரேன். அவங்க ஒத்துக்கினா அந்தப் புகார நான் பாத்துக்கிறேன்."

அந்த நாலு நாளும் பொன்னியம்மனிடம் ஒன்றுதான் கேட்டேன். தாயே, உன் பேரை உனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டேன், பொறுத்துக்கொள் என்று. வெள்ளிக்கிழமை சாயந்திரம் பெண்கள் கூடினதும் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ஈரத்துணியால் குங்குமத்தைத் துடைத்தபோது லூர்தம்மாள்கூட, அவள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, வேடிக்கை பார்க்க வந்தவள், ஐயோ வேண்டாம் என்றாள். ஒருத்தி, உன் கண் அவிஞ்சு போகும் என்றாள். இன்னொருத்தி, அப்போ என் பிள்ளை பெர்மனென்ட் என்ன ஆகும் என்று கேட்டாள். அது நியாயமான கேள்வி.

பதில் சொன்னது செல்வலட்சுமிதான். நான் சொல்லியனுப்பியதால் அன்றைக்கு ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். எழுதின தாள் எல்லாவற்றையும் கசங்காமல் பிரித்து ஒரு கவரில் போட்டு வைத்திருந்தாள். "ஒங்க எழுத்து ஒண்ணும் வீணாப் போகலம்மா. அம்மன் கோயில் பக்கத்துலதான இருக்கு, வாங்க, போய்க் கொடுத்துட்டு வருவோம்" என்றாள். விளக்கையும் மஞ்சள் துணியையும் தூக்கிக்கொண்டு எல்லோரும் நடந்தோம். பூசாரி கவரை வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். கூழும் அங்கேயே ஊற்றுவதாக முடிவானது.

திரும்பி வரும்போது புது இடம் தேடினோம். "மரமும் வேண்டாம், கல்லும் வேண்டாம்க்கா. ரெண்டும் சேந்துச்சுன்னா நம்மூர்ல சாமிதான்" என்றாள். சறுக்கு மரத்தின் இரும்புக் காலுக்கு உள்பக்கம், குனிந்தால் மட்டும் தெரிகிற மாதிரி ஒரு இடம் கிடைத்தது.

அனுமதிக் கடிதத்தை ஏகாம்பரநாதன்தான் எழுதினார். டப்பாவின் மேல் விவரம் ஒட்டியிருக்க வேண்டும், உள்ளே தின்பண்டம் கூடாது, பூங்கா பெருக்கும் ஜெயம் வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும் என்று மூன்று நிபந்தனை. அந்த ஜெயம் நான்தான். நாலாவதாக, மேற்படி டப்பாவுக்கோ அதன் சுற்றுப்புறத்துக்கோ மஞ்சள், குங்குமம் வைக்கக் கூடாது. கிளியம்மாள் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். நாலாவதை இங்கிலீஷில் எழுதத்தான் செல்வலட்சுமிக்கு ஒரு வாரம் ஆனது. இன்டர்நெட்காரர்கள் திரும்ப ஒரு கேள்வியும் கேட்காமல் சேர்த்துவிட்டார்கள்.

புரட்டாசியில் ஒரு நாள், ஒரகடம் லாரிக் கம்பெனி சட்டை போட்ட ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டு வந்தார். முக்கால் மணி நேரம் பெஞ்சுக்கு அடியிலும் பூந்தொட்டிக்குப் பின்னாலும் தேடினார். இந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. சொல்லக் கூடாது என்பது விளையாட்டின் சட்டமாயிற்றே, பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்கினேன். கடைசியில் செருப்பு வார் அறுந்து குனிந்தவர் கண்ணில் டப்பா பட்டுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை செல்வலட்சுமி நோட்டைத் திறந்தாள். நம்பிராஜன், தென்காசி, என்று இருந்தது.

"எங்க ஊரு பக்கத்து ஆளுக்கா" என்றாள். பிறகு போனில் மேப்பைத் திறந்து என் கையில் கொடுத்தாள். எங்கள் ஊர் இருக்கிற இடத்தில் ஒரு பச்சைப் புள்ளி இருந்தது. மூக்குத்திக் கல் அளவுதான் இருக்கும்.