தையல்நாயகியின் காம்ப்ளக்ஸ்

மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் நின்று "தையல்நாயகி வீடு எதுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். எல்லோரும் முழிப்பார்கள். "காம்ப்ளக்ஸ்காரம்மா" என்று கேளுங்கள், டீ மாஸ்டர் ஆத்துகிற கிளாஸைக் கீழே வைக்காமலே கையைக் காட்டிவிடுவார். அந்தப் பெயர் அவளுக்குச் சும்மா வரவில்லை. வாங்கிக்கொண்ட பெயர்.

கீழ்க்கட்டளையில் பிறந்தவள். ஜெயவேலுவைக் கட்டிக்கொண்டு தாம்பரம் வந்தாள். ஊரே விளைநிலத்தைப் பிளாட் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. கல்யாண மண்டபம் கட்டுப்பா, கண்ணை மூடிக்கொண்டு ஓடும் என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். ஜெயவேலு கேட்கவில்லை. மூணு மாடியில் ஆபீஸ் காம்ப்ளக்ஸ் கட்டினார். கம்ப்யூட்டர் கிளாஸ் வந்தது, இன்ஷூரன்ஸ் வந்தது, மேல் மாடியில் ராத்திரி பகல் பார்க்காமல் போனில் பேசுகிற கம்பெனி வந்தது. கீழே வாட்ச்மேன் ஏசுபாதம். அந்தத் தெருவில் முதல் லிஃப்ட் அவர்களுடையதுதான். கொஞ்ச நாள் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அதில் ஏறி இறங்கவே வந்துபோனார்கள்.

பிறகு என்ன? எல்லோருக்கும் கேளம்பாக்கம் பக்கம் கண்ணாடி மாளிகை வேண்டியிருந்தது. ஒவ்வொரு கம்பெனியாகக் கிளம்பியது. மிச்சம் இருந்ததையும் கொரோனா வாரிக்கொண்டு போனது. அந்த வருஷமே ஜெயவேலுவும் போய்ச் சேர்ந்தார். 'வாடகைக்கு' என்று மாட்டின போர்டு வெயிலில் வெளுத்து, படிக்கவே முடியாமல் ஆயிற்று. மூணு மாடியிலும் புறாதான் குடித்தனம் நடத்தியது. ஏசுபாதம் மட்டும் காலையில் வந்து ஷட்டரைத் தூக்குவார், சாயங்காலம் ஏழு மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுப் போவார். உள்ளே யாரும் இல்லையே என்று ஒரு நாளும் கேட்கவில்லை. வேலை வேலைதான்.

மகன் விக்கி டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். கெட்ட பையன் இல்லை, அலுத்துப்போன பையன். ஒரு புரமோட்டரைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தான்.

"இடிச்சுட்டுப் புதுசா கட்டுவாங்கம்மா. நமக்கும் ரெண்டு பிளாட் வரும். தலைவலி விட்டுது."

"நல்லா கீற செவுத்த இன்னாத்துக்குடா இடிக்கணும்? ஆபீஸுக்கு ஆள் இல்லன்னா வூடா மாத்து. ஜனம் வூடு இல்லாம அலையுது."

விக்கி சிரித்தான். அவன் பெண்டாட்டி சுபத்ரா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆபீஸ்ல எவன்மா குடி வருவான்? கழுவுற இடம் எங்க, துணி காயப்போடுற இடம் எங்க?" என்றான் விக்கி.

"போடறேன் பாரு."

அப்படியே வாய்ச் சண்டை ஏறி, ஒரு ஒப்பந்தத்தில் போய் நின்றது. வருகிற பொங்கலுக்குள் ஒரு குடும்பமாவது அந்தக் கட்டடத்தில் பால் காய்ச்சிக் குடியிருக்க வேண்டும். இருந்தால் கட்டடம் அம்மா பேச்சுப்படி. இல்லையென்றால் மறுவாரமே புரமோட்டரிடம் சாவி. தையல்நாயகி யோசிக்கவே இல்லை, "சரிடா" என்றுவிட்டாள். அவள் குணம் அப்படி.

இஞ்சினியர் மாளவிகா என்று ஒரு பெண் கிடைத்தாள். கார்ப்பரேஷனில் அனுமதி வாங்கியது அவள்தான். ரெண்டு பேருக்கும் தினம் சண்டை, தினம் சமாதானம். அக்னி மூலையில்தான் அடுப்பு என்று தையல்நாயகி பிடிவாதம் பிடித்தாள். அங்கே வரிசையாக ஆபீஸ் கக்கூஸ் இருக்கிறதே, குழாயெல்லாம் அங்கேதானே இறங்குகிறது என்று மாளவிகா தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒருவழியாக தையல்நாயகிதான் இறங்கி வந்தாள். குளியலறை பழைய இடத்திலேயே நின்றது, அடுப்பு மேடை கிழக்கே பார்த்துத் திரும்பியது. திறக்கவே திறக்காத கண்ணாடியையெல்லாம் பெயர்த்துவிட்டு, கதவு வைத்த ஜன்னல் போட்டார்கள். மீட்டிங் ஹால் படுக்கையறை ஆயிற்று. ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்தபோது கொட்டின புறா எச்சத்தை லாரி வைத்து அள்ளினார்கள். தையல்நாயகி முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு நடுவில் நின்று வேலை வாங்கினாள். ஒவ்வொரு சுவராக எழும்ப எழும்ப அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்துகொண்டே போயிற்று.

மழை வந்து வேலை இழுத்தது. கார்த்திகை முடிகிற சமயத்தில்தான் முதல் மாடி முழுசாகத் தயார். 'வீடு வாடகைக்கு' என்று புது போர்டு மாட்டினாள். ஜனம் வந்தது. பார்த்தது. வாய் நிறையப் பாராட்டியது. கடைசியில் எல்லோரும் ஒரே வார்த்தை சொன்னார்கள்.

"தை பொறக்கட்டும்மா, வந்துடறோம்."

அடக் கடவுளே! மார்கழியில் யார் வீடு மாறுவார்கள்? பொங்கலுக்குள் என்று வாய் கூசாமல் ஒத்துக்கொண்டவளுக்கு, பொங்கலுக்கு முன்னால் ஒரு முழு மார்கழி உட்கார்ந்திருக்கிறது என்பது தோன்றவே இல்லை. வருஷா வருஷம் விடியக்காலையில் எழுந்து கோலம் போடுகிறவள்!

"நானாம்மா மார்கழியைக் கண்டுபிடிச்சேன்?" என்றான் விக்கி. அன்றைக்கு அவனுக்குச் சோறு போட்டது சுபத்ராதான். தையல்நாயகி அவன் முகத்தையே பார்க்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஜெபகுமார், மெடிக்கல் ஷாப்பில் வேலை. அவன் மனைவி ரேஷ்மா, குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நடுவில் சொருகிக்கொண்டு அவர்கள் மகள் ஏஞ்சல், யூகேஜி. இப்போது இருக்கிற வீட்டில் மழைக்குத் தண்ணீர் ஏறுகிறதாம்.

"கிறிஸ்துமஸ் புது வீட்லதான்னு பாப்பாகிட்ட சொல்லிட்டோம் ஆன்ட்டி. உடனே வரலாமா?" என்றாள் ரேஷ்மா.

"மார்கழி..." என்று ஆரம்பித்த தையல்நாயகி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இன்னிக்கே வாம்மா! நானே தூக்கினு வரேன் சாமானை!"

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்கள். பாஸ்டர் வந்து ஜெபம் செய்தார், பாலும் காய்ச்சினார்கள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தபோது தையல்நாயகி அடுக்களை வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லிஃப்டுக்குள் நுழையாத ஃப்ரிட்ஜை ஏசுபாதம் தோளில் சுமந்து படி ஏறினார். ஏஞ்சலுக்கு லிஃப்டில் ரெண்டு தடவை சவாரி வேறு.

அன்றைக்குச் சாயங்காலம், தையல்நாயகி வீட்டில் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தாள். போன் அடித்தது. ரேஷ்மா.

"ஆன்ட்டி, கரண்ட் இல்ல. கீழ வந்து பார்த்தா ஷட்டர் பூட்டியிருக்கு. எனக்கு எட்டு மணிக்கு டியூட்டி ஆன்ட்டி! குழந்தை இருட்டுல அழுவுறா!"

வேறு யார், ஏசுபாதம்தான்! காலையில் ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போய் வைத்த அதே மனுஷன், ஏழு மணி அடித்ததும் வருஷக்கணக்கில் செய்த மாதிரியே மெயினை அணைத்து, ஷட்டரை இழுத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு கேரல்ஸ் பாடப் போய்விட்டார். போன் போட்டால் அடிக்கிறது, எடுக்கவில்லை. டிரம்ஸ் சத்தத்தில் எங்கே கேட்கும்?

இன்னொரு சாவி விக்கியிடம். யாரிடம் கேட்கவே கூடாது என்று நினைத்தாளோ அவனிடம். இந்தக் குடும்பம் காலி செய்துகொண்டு போனால் ஜெயிக்கப்போவது அவன்தானே? கடை மூடுகிற நேரம், லேட்டாக வந்தால் யார் கேட்பது? நம்பரைப் போட்டாள்.

"விக்கி, குழந்த உள்ள மாட்டிகிச்சுடா."

அவ்வளவுதான் சொன்னாள். இவள் ஓட்டமும் நடையுமாகக் காம்ப்ளக்ஸ் போய்ச் சேர்வதற்குள் அவன் பைக் வந்து நின்றிருந்தது. உள்ளே ஜெபகுமார் ஷட்டரைத் தட்டுகிற சத்தம், வெளியே டீக்கடைக் கூட்டம் முழுக்க ஆளுக்கொரு யோசனை. விக்கி பூட்டைத் திறந்தான், நாலு பேர் சேர்ந்து ஷட்டரைத் தூக்கி, மெயினைப் போட்டார்கள். யூனிஃபார்மில் வெளியே வந்த ரேஷ்மாவிடம் தையல்நாயகி ஓடினாள்.

"அம்மாடி, மன்னிச்சுக்கம்மா..."

"காலைல பேசிக்கலாம் ஆன்ட்டி."

"ஏறுங்க சிஸ்டர், நான் விட்டுடறேன்" என்று விக்கி பைக்கை உதைத்தான். போய்விட்டார்கள்.

கேரல்ஸ் முடிந்து, தலையில் ஜிகினாவோடு ஓடிவந்த ஏசுபாதத்தை அவள் திட்டின திட்டில் டீக்கடை ரேடியோவை நிறுத்திவிட்டார்கள்.

"மணி ஏழு ஆச்சும்மா, கை தானா இழுத்துட்ச்சு. உள்ள ஆள் கீதுன்னு ஞாபகமே வர்ல. நானே நாலு அறை அறைஞ்சிக்கினேன், நீங்களும் போடுங்க" என்று கன்னத்தைக் காட்டினார். அந்த மனுஷனை என்னதான் செய்வது?

காலையில் பேசிக்கலாம் என்றாளே ரேஷ்மா, என்ன பேசுவாள்? அட்வான்ஸைக் குடுங்க, போறோம் என்பாள். வேறென்ன பேசுவாள்! விடிந்ததும் தையல்நாயகி காம்ப்ளக்ஸ் படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் விக்கியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

நைட் டியூட்டி முடிந்து ரேஷ்மா வந்தாள். கண் சிவந்திருந்தது. பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஆன்ட்டி, எல்லாத்தையும் மாத்துனீங்க, இந்த ஷட்டரை மட்டும் ஏன் விட்டீங்க? ஆபீஸ்னா எல்லாரும் போனதும் வெளியிலேர்ந்து பூட்டுவாங்க. வீட்டை உள்ள இருக்கிறவங்கதான் தாழ்ப்பாள் போடணும். எங்க வீட்டை வெளியில நின்னு யாரும் பூட்டக் கூடாது. எனக்கு இந்த ஷட்டர் இருக்கக் கூடாது. நல்ல கதவாப் போடுங்க. ஆளுக்கொரு சாவி குடுங்க. அப்புறம், பாத்ரூம் குழாய் சொட்டுது, அதையும் பார்க்கச் சொல்லுங்க."

மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினாள். தையல்நாயகி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். யாராவது காலி பண்ணுகிற வீட்டுக்குக் குழாய் ரிப்பேர் கேட்பார்களா? வாழ்க்கையில் அவள் வாங்கிக்கட்டிக்கொண்ட திட்டிலேயே இவ்வளவு இனித்தது வேறு எதுவும் இல்லை. வாடகைக்காரி ஹவுஸ் ஓனரைத் திட்டுகிறாள்! அப்படியானால் இது வீடு. சத்தியமாக வீடு.

"போட்டுடலாம் தாயி, போட்டுடலாம்" என்றாள்.

ரேஷ்மா படி ஏறிப் போனதும் விக்கி ஷட்டரை அண்ணாந்து பார்த்தான். "இத்தனை மாசம் நானும் வந்து போனேன். எனக்கும் இது கண்ணுல படலம்மா."

"ஆபீஸாவே பாத்துப் பாத்துப் பழகிட்டோம்டா."

"தை பொறந்ததும் கழட்டிடலாம். தேக்குல வாசக்கால் வெச்சிடலாம். மரம் நான் பார்க்கறேன்."

புரமோட்டர் பேச்சை அவன் எடுக்கவில்லை. பொங்கல் வந்தது, போனது. அப்புறமும் எடுக்கவில்லை.

தை பிறந்து முதல் முகூர்த்தத்தில் வாசக்கால் வைத்தார்கள். வெல்டிங்காரன் ஷட்டரை அறுத்துத் தள்ளியிருந்தான். காம்ப்ளக்ஸ் கட்டின நாளிலிருந்து அதற்கு வாசக்கால் என்று ஒன்று இருந்ததே இல்லை. தை பிறக்கட்டும் என்று சொல்லிப் போனவர்களில் ரெண்டு குடும்பம் அட்வான்ஸோடு வந்து ஓரமாக நின்றது. தேக்கு நிலையைத் தூக்கி நிறுத்தி, அடியில் நவதானியம் போட்டுவிட்டு ஆசாரி திரும்பினார்.

"சுமங்கலிங்க யாராச்சும் முன்னால வந்து மஞ்சள் குங்குமம் வையுங்கம்மா."

தையல்நாயகி தானாகவே ஒரு அடி பின்னால் போனாள். ஊர் வழக்கம் அது, அவளுக்குத் தெரியாதா? சுபத்ரா மஞ்சள் குங்குமத் தட்டை எடுத்தாள்.

விக்கி தட்டைப் பிடுங்கி அம்மா கையில் வைத்தான்.

"ஆசாரி, இது அப்பா கட்டின ஆபீஸ். வீடு ஆக்குனது எங்கம்மா. அவங்கதான் வைப்பாங்க. யாருக்காவது ஒரு மாதிரியா இருந்தா இப்பவே கிளம்பலாம்."

ஒருத்தரும் கிளம்பவில்லை. தையல்நாயகி மஞ்சளைக் குழைத்து, நிலைக்கு மேலிருந்து கீழ்வரை, கைக்கு எட்டாத இடத்துக்கு நாற்காலி போட்டு ஏறி, அவசரமே இல்லாமல் பூசினாள். ஜெயவேலு மூணு மாடி கட்டினார், ஊர் அவரைக் கும்பிட்டது. இன்றைக்கு அந்த ஊர் இவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறது. பெருமைதான். ஏன், பெருமைப்படக் கூடாதா? குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டி முடித்தபோது அவளுக்கு முழங்கை வரைக்கும் மஞ்சள்.

அந்த நேரம் பார்த்து நைட் டியூட்டி முடிந்து ரேஷ்மா வந்தாள். புது நிலை, மாவிலை, கூட்டம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வரலாமா கூடாதா என்று தெரியாமல் தெருவிலேயே நின்றாள். நிலையைத் தாண்டி இன்னும் யாரும் உள்ளே போகவில்லை. முதலில் வலது காலை வைத்து அம்மா போகட்டும் என்று ஆசாரி சைகை காட்டினார்.

தையல்நாயகி நாற்காலியிலிருந்து இறங்கி, மஞ்சள் கையால் கூட்டத்தை விலக்கினாள்.

"தள்ளுங்கப்பா, வழி வுடுங்க. வூட்டுக்காரங்க வந்துட்டாங்க."